ஊருக்கு முன் வந்த வெயில்

அக்டோபரில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் மார்ச்சில்தான் அந்த நார்வே பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும். இந்த வருடம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு. சர்ச் வாசலில் வெயில் விழுந்ததும் ஊரே இனிப்பு பன் தின்று கொண்டாடும். அதற்கு முன்பே, இதுவரை யாரும் ஏறாத உறைந்த அருவியில் ஏறிவிட வேண்டும் என்று ராக்ன்ஃப்ரிட் புதன்கிழமையே தம்பி ஐலெவை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வெயில் பட்ட பனிக்கட்டியை நம்பமுடியாது. பனிச்சறுக்குக் கட்டைகளில் நான்கு மணி நேரம் போனார்கள். தம்பி வழி நெடுக முணுமுணுத்தான்.

அருவித் தூணில் இருபத்தைந்து மீட்டர் ஏறிவிட்டாள். இன்னும் எட்டு. ஐலெவ் அடியில் பனியில் ஒரு திருகாணியை முடுக்கி, அதோடு தன்னைக் கட்டிக்கொண்டு, அவள் கயிற்றைப் பிடித்திருந்தான். அப்போது அவள் கையுறைமேல் மஞ்சளாக வெயில் விழுந்தது.

ஊருக்கு ஞாயிறு என்றால் மலைக்கும் ஞாயிறா? எழுநூறு மீட்டர் உயரத்துக்கு முன்னதாகவே வெயில் வரும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஐந்து மாதமாகச் சர்ச் வாசலையே பார்த்துக் கிடந்த இந்த இரண்டு மேதாவிகளுக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் ஆள் உயரப் பனிச்சரங்கள் தொங்கின. அவற்றில் ஏதோ டொக்கென்று முறிந்தது. அறுந்தால் நேராக ஐலெவ் தலையில்தான் விழும்.

"டேய், பக்கத்துல துருத்திக்கிட்டிருக்குற அந்தப் பாறைக்கு அடியில போய் நில்லுடா!"

"லூசாக்கா நீ? திருகாணியில இருந்து அவுத்துக்கிட்டு நடக்கும்போது நீ விழுந்தா என்னையும்ல இழுத்துட்டுப் போவ! பேசாம ஏறு."

கழுதை, சொன்னால் கேட்கமாட்டான். ஒரு பொய் சொன்னாள்.

"உச்சிக்கு வந்துட்டேன்டா! கட்டிக்கிட்டேன். கயிறை விட்டுட்டு ஓடு!"

"விட்டாச்சு!" என்று கீழிருந்து கத்தினான்.

இனி கால் வழுக்கினால் பிடிக்க ஆளில்லை. பனிக்கோடரியை ஓங்கிக் கொத்தி ஏறினாள். மிச்ச எட்டில் ஐந்தாவது மீட்டரில் சரங்கள் மொத்தமாகச் சரிந்து இடிபோல் விழுந்தன.

"ஐலெவ்!"

அழுதுகொண்டே மிச்சத்தையும் ஏறி, ஒரு பாறையில் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுக் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

"இருக்கியாடா?"

"இருக்கேன், இருக்கேன். நீ இப்பவாச்சும் நெஜமா மேல போயிட்டியா?"

"என்னடா சொல்ற?"

"அறுபது மீட்டர் கயிறு, அதோட நடு அடையாளமே இன்னும் என் கையைத் தாண்டல, அதுக்குள்ள நீ உச்சியில! யாருக்குக் காது குத்துற?"

"அப்ப விட்டாச்சுன்னியே?"

"நீ மட்டும்தான் பொய் சொல்லுவியா? திருகாணியில இருந்து மட்டும்தான் அவுத்துக்கிட்டேன். கயிறைப் புடிச்சுக்கிட்டேதான் நடந்தேன்."

பாறைவரை அவன் நடந்த அந்தப் பத்தடிக்குள் தான் வழுக்கியிருந்தால் அவனையும் அல்லவா இழுத்துக்கொண்டு போயிருப்பாள்?

"கீழ வந்து உன்னை அறையுறேன் பாரு!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.