அழுகையை மட்டும் தனியா அனுப்பு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒலிப்பதிவுக் கூடமொன்றின் வரவேற்பறையில், ஏசி ரிப்பேராகிக் கிடந்த ஒரு மத்தியானம், பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தானாகவே கொடுத்தாள். என் பழைய கதை ஒன்றை ஒலிப்புத்தகத்துக்காகப் படிக்க நான் போயிருந்தேன். அவள் டப்பிங் பேசுகிறவள். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்தால் பலரும் வாயைப் பூட்டிக்கொள்வார்கள். இவள் ஒன்று விடாமல் கொட்டிவிட்டு, "எழுதிக்கோங்க. ஆனா ஒரு கண்டிஷன்" என்றாள். அது என்ன கண்டிஷன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள்.

முதல் வரிக்காக நான் பட்ட பாடு இது:

அன்று காலை கண்ணாடி முன் நின்றவள் (போதும். கண்ணாடி முன் நிற்கும் பெண்களை வைத்து நான் ஒரு கடையே போடலாம்.)

அவளுக்குள் ஏதோ ஒரு மாற்றம் (ஏதோ என்றால் என்ன? இது பயந்தாங்கொள்ளி வாக்கியம்.)

அவளுக்கு வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்தது.

இதுவே இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு ஒரு பத்திரிகை ஆசிரியர், "'உடம்பு சரியில்லை'ன்னு போட்டா போதாதா?" என்று கேட்டார். போதாது. கதை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

2

அவளுக்கு வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்தது. அதற்கு முன்பு பழுப்பாகச் சில துளிகள் பட்டன. மாதவிடாய் முன்னதாகவே வந்துவிட்டது என்று நினைத்தாள். அது மறுநாளே நின்றுபோயிற்று. வரவேண்டிய தேதியில் எதுவும் வரவில்லை. பிறகுதான் இந்த வெள்ளை, வழக்கத்தைவிடக் கெட்டியாக, நாள் முழுக்க ஈரமாக.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுவார்கள். எந்தத் தொடரில் கைக்குழந்தை அழுதாலும் அழுவது அவள்தான். தூளிக்குழந்தை, காய்ச்சல் குழந்தை, பால் கேட்கும் குழந்தை எல்லாம் அவள் தொண்டையில் தயாராக இருக்கும்.

(கதைக்கு ரொம்ப வசதியான தொழிலாயிற்றே என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவது தெரிகிறது. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு வரைவில் அவளை வங்கி ஊழியராக்கிப் பார்த்தேன். அவள் நாலாவது பத்திக்குள் என்னிடமே கொட்டாவி விட்டாள்.)

அவள் கணவன் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்க்கிறவன். வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீரில், மிச்சம் அவளோடு. "கரையில ஒரு வேலை கிடைக்கட்டும், அப்புறம் குழந்தை" என்பது இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். முதலில் சொன்னது அவள். அவன் சரி என்றான். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த முறை விடுமுறையின் கடைசி மத்தியானம் ஆணுறை கிழிந்துவிட்டது. இருவரும் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தானே மருந்துக்கடைக்குப் போய், அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கி வந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு நீட்டினான். அவள் விழுங்கினாள்.

"நல்லவேளை, கடை திறந்திருந்துச்சு" என்றான் அவன்.

"ஆமா, நல்லவேளை" என்றாள் அவள்.

அதைச் சொன்னபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவன் கப்பலேறிவிட்டான்.

3

இந்த இடத்தில் இரண்டு பக்கம் பயத்தை எழுதி வைத்திருந்தேன். நாள்காட்டியைப் பார்க்கிறாள், போனில் தேடுகிறாள், போன் அவளுக்கு உலகத்திலுள்ள எல்லா நோயையும் கொடுக்கிறது. பயத்தை எழுதுவது சுலபம், பேனா தானாக ஓடும். ஆனால் நான் வரவேற்பறையில் பார்த்த முகம் அந்தப் பக்கங்களில் இல்லை. சந்தேகம் தீராமல் அவளுக்கே போன் செய்தேன்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா?"

"பயம்தான் அக்கா. மாத்திரை வேலை செய்யலையோன்னு பயம். அப்புறம், வேலை செஞ்சிருச்சோன்னும் பயம்."

இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அவள் ஆசைப்பட்டாள். வேண்டாம் என்று அவளே முதலில் சொன்னதற்கு, மாத்திரை விழுங்கிய பிறகு, அடக்க முடியாமல் ஆசைப்பட்டாள். யாரிடம் போய்ச் சொல்வாள்? எனக்கு அவள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. நான் ஒன்றை அந்த அளவுக்கு வேண்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

4

டாக்டரம்மா சுறுசுறுப்பானவர். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"நாத்தம் அடிக்குதா? அரிப்பு, எரிச்சல்? அடிவயித்துல வலி?"

"இல்லைங்க டாக்டர்."

பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "தொற்று மாதிரி எதுவும் தெரியல. அந்த மாத்திரை போட்டா கொஞ்சம் இப்படித்தான். பழுப்பா படும், தேதி முன்னபின்ன ஆகும். வெள்ளைப்படறத வச்சு கர்ப்பமா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது, டெஸ்ட்தான் சொல்லும். தேதி ஒரு வாரம் தள்ளிப் போச்சுன்னா பண்ணிப் பாத்துடுங்க."*

அவள் கைப்பையை எடுத்தாள், எழுந்திருக்கவில்லை.

"ஒருவேளை இருந்தா... அந்த மாத்திரை குழந்தைய ஏதாவது பண்ணியிருக்குமா?"

"பண்ணாது. கவலைப்படாதீங்க." டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கர்ப்பமா இருந்தா வச்சுக்கப் போறீங்களா வேண்டாமான்னு நான் இன்னும் கேக்கவே இல்ல. நீங்க அதுக்குள்ள குழந்தைங்கறீங்களே."

பாப்பாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பிடிபட்டுவிட்டாள்.

* நாற்றமோ அரிப்போ வலியோ இருந்தால் கதை படித்துக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது.

5

அந்த வாரம் அவளுக்கு வந்த வேலை, பிரசவக் காட்சி. பிறந்த குழந்தையின் முதல் அழுகை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இவள் மைக் முன் நின்று, உள்ளங்கையை வாயருகே குவித்து, மூச்சை அடக்கி, அழுதாள்.

"பாப்பா, இது பால் கேக்கற குழந்தை" என்றார் அண்ணன். "எனக்கு இப்பத்தான் பொறந்தது வேணும். அதுக்கு இன்னும் பாலுன்னே ஒன்னு தெரியாது."

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் உடனே ஓகே சொல்லவில்லை. சொன்ன பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. குழந்தை முடிந்த இடத்தில் அவள் தொடர்ந்தாள்.

"ஓகேம்மா, ஓகே. கட் பண்ணிட்டேன். தண்ணி குடி."

தண்ணீர் குடித்தாள். அண்ணனின் அறை மூலையில் உட்கார்ந்து, வழக்கம்போல் கணவனுக்குக் குரல் செய்தி பேசினாள். "சாப்டியா? இங்க ஏசி திரும்பப் படுத்திருச்சு. உன் நீலச் சட்டைய இங்கயே விட்டுட்டுப் போயிட்ட. உன்கிட்ட ஒன்னு சொல்லணும்... ஒன்னுமில்ல, அப்புறம் சொல்றேன்."

அவள் பேசும்போது அண்ணன் பதிவைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். செய்திக்குப் பின்னால் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

6

கப்பல் துறைமுகத்தை நெருங்கினால்தான் அவனுக்கு சிக்னல் கிடைக்கும். பதில் வந்தபோது டாக்டர் சொன்ன ஒரு வாரம் கடந்திருந்தது. பரிசோதனைக் கருவியை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாப்பா வேலைக்கு வந்திருந்தாள். கூடத்தின் நடைவழியில் நின்று அதைக் கேட்டாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்:

"ஏய், பின்னாடி ஒரு குழந்தை அழுதுச்சே, அது நீயா? எப்பவும் உன் அழுகையக் கேட்டா எனக்குச் சிரிப்புதான் வரும். இதுக்கு வரல. இங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்... இல்ல, பொய். யாருக்கும் காட்டல. நானேதான் கேட்டுட்டு இருக்கேன். நீ சட்டை, ஏசின்னு நடுவுல பேசிட்டே இருக்க. அழுகைய மட்டும் தனியா அனுப்பு. அப்புறம், அன்னிக்கு நான் நல்லவேளைன்னு சொன்னேன்ல, அது வந்து"

(அத்தோடு பதிவு முடிந்துவிட்டது. வாக்கியத்தைத் தொங்கவிடுவது என் வேலைதான், ஆனால் இது நான் செய்ததில்லை.)

7

மூன்று முடிவுகள் எழுதினேன். கருவியில் ஒரு கோடு. கருவியில் இரண்டு கோடு. கருவியைப் பிரிப்பதற்கு முன்பே மாதவிடாய் வந்து, அவள் அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் அலமாரியில் வைப்பது. மூன்றாவதை எழுதியபோது என் கண்ணே கலங்கியது, அதனால் அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் கண்டிஷன் போட்டாள்:

"என்ன ஆச்சுன்னு எழுதாதீங்க அக்கா. அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் நடக்கறதுதான். ஆனா அன்னிக்கு, நான் ஆசைப்பட்டதையே அவனும் ஆசைப்பட்டிருக்கான்னு தெரிஞ்சுச்சு பாருங்க. அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, நாங்க ரெண்டு பேரும் அவ்வளவு கிட்ட இருந்ததே இல்ல. நடுவுல கடலே கிடந்தாலும். என்னை அங்கயே விட்டுடுங்க."

விட்டுவிடுகிறேன். நடைவழியில் நிற்கிறாள். வலப்பக்கம் கழிப்பறைக் கதவு, இடப்பக்கம் அண்ணனின் அறை. அவள் இடப்பக்கம் போய், "அண்ணே, அன்னிக்குப் பண்ணின அழுகைய என் போனுக்குக் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டாள். கைப்பையில் கருவி இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. போனைக் காதோடு அழுத்தி, அவனுக்கு அனுப்புவதற்கு முன்னால் தான் ஒருமுறை கேட்கிறாள். பிறகு இன்னொரு முறை.

மூன்று முடிவுகளும் உங்களிடமே இருக்கட்டும், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போதே அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். முழுசாகக் கேட்டு முடிக்கட்டும்.