மூக்கில் ஒட்டிய களிமண்

இப்போதெல்லாம் யாரும் சரக்கைக் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பதில்லை. பையைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ, அவ்வளவுதான். தையல் கோணலா, ஓரத்தில் பசை வழிந்திருக்கிறதா, ஒருவருக்கும் அக்கறை கிடையாது. தாராவியில் தோல் பைகளுக்கு ஃபினிஷிங் செய்கிறவன் நான். எனக்கு அது பொறுக்காது.

என் மருமகள் ஜெபசெல்வி என்னுடைய வேலை மேசையில் உட்கார்ந்து ஒரு விமானம் செய்திருந்தாள். பால்சா என்று ஒரு மரமாம், அப்பளத்தைவிட லேசு. இறக்கைக்கு மெல்லிசுத் தாள். வயிற்றுக்கு அடியில் நீளமாக ஒரு ரப்பர். முன்னால் இருக்கும் விசிறியை விரலால் சுற்றினால் ரப்பர் முறுக்கேறும், விட்டால் பறக்குமாம்.

செம்பூரில் ஒரு லீவு வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தர ஆள் தேடினார்கள். வகுப்பை நடத்தும் ஹபீபா மேடம் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மைதானத்துக்கு வருவார். அவர் கண் முன்னால் பறந்தால் வேலை செல்விக்கு. துணிப் பட்டறையில் வருஷக்கணக்காக நூல் பிசிறு வெட்டுகிறவளுக்கு வேறு வழி தெரிந்தது அப்போதுதான்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ரப்பரைக் காட்டி யாரோ இவளை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போனபோது அதை எடுத்துப் பார்த்தேன். வேலை சுத்தம்தான். மூக்கில் மட்டும் ஒரு உருண்டை களிமண் அப்பியிருந்தது. இந்த அசிங்கத்தோடு சரக்கு வெளியே போகலாமா? நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்துவிட்டேன்.

மைதானத்தில் ஹபீபா மேடம் மணி பார்த்துக்கொண்டு நின்றார். செல்வி அவசரமாகப் பெட்டியைத் திறந்து, ரப்பரை முறுக்கி, விட்டாள்.

விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறியது. ஆணியில் மாட்டியதுபோல அந்தரத்தில் நின்றது. அப்புறம் வால் பக்கமாகச் சரிந்து, தலைகீழாக வந்து தரையில் குத்தியது. இறக்கை தனியே தெறித்தது. பறக்காது என்று இருந்தவன்தான் நான். இப்படிச் சாகும் என்று நினைக்கவில்லை.

"அரே, யே க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டார் மேடம்.

செல்வி அதை எடுத்து மூக்கைத் தடவினாள்.

"மாமா, இதுல இருந்த களிமண் எங்க?"

"நாந்தான் சுரண்டுனேன். மூக்கு ஒழுகுன பிள்ள கணக்கா இருந்துச்சு."

"அதுதான் வெயிட்டு மாமா. முன்னால கனம் இல்லன்னா மல்லாந்துரும். நேத்துப் பூரா ஒட்டி ஒட்டிப் பாத்துச் சரிபண்ணுனேன்."

"சொல்லியிருக்கலாம்லா."

"கேட்டிருக்கலாம்லா."

என் வீட்டில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

அவள் கையை நீட்டினாள். "நூலுக்குப் போடுத மெழுகு சட்டைப் பையில வச்சிருப்பியள்லா, குடுங்க."

கொடுத்தேன். கொஞ்சம் பிய்த்து உருட்டி மூக்கில் ஒட்டினாள். ரப்பர் பேண்டு போட்டு இறக்கையை மாட்டினாள். விசிறியைச் சுற்றாமல் கையால் வீசிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் ஒட்டினாள். மெழுகுக் கட்டியில் பாதி போய்விட்டது.

"மேடம், ஏக் பார் அவுர்." இன்னொரு தடவை என்று கேட்டாள்.

இந்தத் தடவை அது அவசரப்படாமல் ஏறியது. வட்டமடித்து, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் தலைக்கு மேலே போனது. பந்து போட வந்தவன் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டான். விசிறி நின்றுபோனது. இதோ விழப்போகிறது என்று நான் கண்ணைச் சுருக்கினேன். விழவில்லை. சும்மா மிதந்து இன்னொரு சுற்று வந்து புல்லில் இறங்கி உட்கார்ந்தது.

"மண்டே சே ஆ ஜாவோ," திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடு என்றார் மேடம் சிரித்தபடி.

நான் போய் அதை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"ஏட்டி, எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"என்னத்த மாமா?"

"பேட்டரிய."

"மெழுக எடுத்துட்டு மறுபடி விட்டுப் பாப்பமா?"

"வேண்டாம் வேண்டாம். காத்துதான் தூக்கியிருக்கும்."

சுற்றியிருந்த மரங்களில் ஒரு இலைகூட அசையவில்லை. மிச்ச மெழுகைப் பையில் போட்டுக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தேன். மேலே காற்று இருந்திருக்கும். கீழே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?