கடைசிக் கட்டு யாருக்கு

அந்தக் கூடைப்பந்து அணியில் பந்துக்காகத்தான் சண்டை என்று வெளியே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். உண்மையில் சண்டை, உடைமாற்றும் அறையின் மூலையில் கிடந்த ஒரு மேசைக்காக.

ஆட்டத்துக்கு முன் அந்த மேசையில்தான் அக்கா எல்லோருக்கும் கணுக்காலில் டேப் சுற்றுவாள். அவள் அறைக் கதவில் பிசியோதெரபிஸ்ட் என்று எழுதியிருக்கும். ஆறரை அடி ஆட்களுக்கெல்லாம் அவள் அக்காதான். மேசையில் கடைசியாக ஏறுகிறவன்தான் அணிக்குப் பெரியவன். ஒன்பது வருடமாக அது கேப்டன். இந்த வருடம் வந்த புதுப் பையன் புல்லட்டும் தனக்குக் கடைசி இடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான்.

போன லீக் ஆட்டத்துக்கு முன் 'நீ ஏறு', 'நீங்க ஏறுங்க' என்று இருவரும் சுவரில் சாய்ந்தே நின்றதில் நேரம் ஓடிவிட்டது. ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக எதிரணிக்கு ஓர் இலவச வீச்சு. தோற்றதும் ஒரே புள்ளியில். இப்படியும் தோற்பார்களா என்றால், தோற்றார்களே!

லீக் புள்ளிக்கணக்கில் எப்படியோ தப்பித்து, இன்று அரையிறுதி. காலையிலேயே கோச் அக்காவிடம் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் இழுத்தாங்கன்னா ஒருத்தன் பெஞ்சுல உக்காரணும். யாருன்னு யோசிக்கவே வேண்டாம், வயசானவன்தான்."

கேப்டனுக்கு இது கடைசி வருடம். உட்காரவைத்தால் அதோடு சரி. அதைவிடச் சங்கடம், இருவர் ரகசியமும் அக்காவுக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்லமாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். கேப்டனின் இடது கணுக்கால் வீங்கிக் கிடந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் அறை காலியாகும்வரை நிற்பான். புல்லட்டோ ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வாந்தியெடுப்பான், கை நடுங்கும். ஆளுக்கொரு பயத்தை மறைக்க இரண்டு பேரும் கெத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

மற்றவர்களுக்குச் சுற்றி அனுப்பிவிட்டு அக்கா கதவைத் தாழிட்டாள். இருவரும் வழக்கம்போலச் சுவரில்.

"ரெண்டு பேரும் ஏறுங்க."

"ஒரே மேசையிலயா?" என்றான் கேப்டன்.

"ஆமா. உனக்கு ஒரு சுத்து, அவனுக்கு ஒரு சுத்து. யாரு கடைசின்னு எனக்கே தெரியப்போறதில்ல."

"எனக்குத் தனியா..." என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"தெரியும்டா. நான் வாயத் திறக்கல. நீங்களே சாக்ஸக் கழட்டுங்க."

கடிகாரத்தைப் பார்த்துவிட்டு கேப்டன் மேசையில் ஏறி மெதுவாகக் காலுறையை உருட்டினான். புல்லட்டும் பக்கத்தில் ஏறி, குனிந்து பார்த்தான்.

"அண்ணே, இதோடவா ஆடுறீங்க?"

அவன் வாயில் 'அண்ணே' வந்தது அன்றுதான். கேப்டன் பதில் சொல்வதற்குள் புல்லட்டின் முகம் வெளுத்தது, வாயைப் பொத்திக்கொண்டான். கேப்டன் இறங்கி ஒற்றைக் காலில் நொண்டிப் போய்க் குப்பைக் கூடையை இழுத்து அவன் முன்னால் பிடித்தான். முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"எத்தன நாளா இப்படி?"

"முதல் மேட்ச்லேர்ந்து. ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துக்குக் கை நிக்காதுண்ணே."

"அந்தப் பத்து நிமிஷம் பந்தை எங்கிட்டக் குடு. அப்புறம் நீ எடுத்துக்க. எனக்கு மட்டும் இடது பக்கம் போடாத, திரும்ப முடியாது."

இருவரும் பந்தைப் பகிர்ந்துகொள்வது, இந்த வருடம் முழுக்கக் கோச் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றிக்கொண்டிருந்த டேப் கோணலாகப் போனது; பிரித்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

கதவு தடதடத்தது. திறந்தால் கோச்.

"எல்லாரும் கோர்ட்டுல நிக்கிறாங்க. இன்னிக்கு யாருடா இழுத்தது?"

"நான்தான் சார்," என்றான் புல்லட்.

"அவன் இல்ல சார், நான்," என்றான் கேப்டன்.

"ரெண்டு பேரும் இல்ல," என்றாள் அக்கா. "எனக்குத்தான் டேப் கோணலாப் போச்சு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு சார்."

கோச் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். குப்பைக் கூடையையும் பார்த்தார்.

"ஓடுங்க," என்றார்.

புல்லட் ஓடவில்லை. கேப்டனின் இடது பக்கமாக வந்து, அவன் நடக்கிற வேகத்துக்கே நடந்தான்.