கிறிஷாந்தின் செட்டில் ஓர் இரைச்சல்

என் புருஷன் ரபாயேல் மாத்தளை–கண்டி பஸ் ஓட்டுகிறவர். எஞ்சின் லேசாக இருமினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுசன், தவக்காலம் பாதி தாண்டியதிலிருந்து, முன்னறையில் தரையோடு தரையாகப் படுத்து, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டு, "இந்த இரைச்சல் எங்கயிருந்துதான் வருது?" என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரா பதில் சொல்லும்? கடைசியில் என்னைக் கேட்பார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அந்தப் பாட்டு செட் எங்கள் மகன் கிறிஷாந்துடையது. பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி, தானே பலகை அறுத்துப் பெட்டி செய்து, வயர் இழுத்துப் பூட்டினான். இவர் விடியக்காலை பஸ்ஸுக்குப் போய்விட்டு வந்து மத்தியானம் படுப்பார். அவன் அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டுப் போடுவான். தை மாதம் ஒருநாள் இவர் பாயை உதறிவிட்டு எழுந்து வந்து கத்தினார். "ஒண்ணு இந்த வீட்டுல அந்த செட் இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்." செட்டும் இருந்தது, இவரும் இருந்தார். பிள்ளைதான் போய்விட்டான். ஃபோன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு மறுநாள், தெரியாத நம்பரிலிருந்து என் ஃபோனுக்கு அவன் குரல் வந்தது. பதிவு செய்து அனுப்பியிருந்தான். அந்த நம்பருக்கு எடுத்தால் யாரோ சிங்கள ஆள் பேசினார். தம்புள்ளை பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் அவசரத்துக்கு ஃபோன் கேட்டான், கொடுத்தேன், வேறொன்றும் தெரியாது என்றார்.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். அப்பாகிட்ட சொல்லுங்க..." அவ்வளவுதான் விளங்கும். அதற்குப் பிறகு ஒரு பஸ் உறுமும். அந்த உறுமலுக்கு அடியில் அவன் குரல் மெலிசாகப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு சொல்லும் பிடிபடாது. இயர்ஃபோனைக் காது வலிக்கும்வரை அழுத்தி வைத்துக் கேட்டோம். முதலில் இவர், "என்னத்த சொல்லியிருப்பான், ஏசியிருப்பான்" என்று வீம்பாகத்தான் சொன்னார். இரண்டு நாள் போனதும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "எனக்குன்னு சொல்லியிருக்கான், கெத்தரின். என்னன்னு தெரியணுமே" என்றார்.

தவக்காலம் பாதியாகியும் ஒன்றும் பிடிபடாமல் போகவே, கரண்ட் பாஸ் சசிக்குமாரைக் கூப்பிட்டோம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவர்தான் வயரிங் வேலை செய்கிறவர். "பஸ் சத்தம் தடிச்ச சத்தம் அண்ணே. அத கொறைக்கத் தம்பியோட ஆம்புல தனிக் குமிழ் இருக்கு. அதுல போட்டுப் பாருங்க, குரல் மேல வரும்" என்றார். எந்த செட்டை வெளியே தூக்கிப் போடச் சொன்னாரோ, அதன் முன்னால் இவர் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். நான் ஃபோனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாயைத் திறந்திருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன்.

சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். ஃபோனைச் செருகினாலும் அது, கழற்றினாலும் அது. கூட்டினால் அவன் குரலோடு சேர்ந்து அதுவும் ஏறியது. கிறிஷாந்த் இருந்தவரைக்கும் அந்த செட்டில் இப்படி ஒரு சத்தம் இருந்ததே இல்லை. அதுதான் எங்களுக்கு விளங்கவே இல்லை.

ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தார். மீன் நாறியதே தவிர இரைச்சல் போகவில்லை. டிஷ் வயரைப் பிடுங்கினார். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, இரண்டு பேரும் சிரித்தோம், மறுநாள் பழையபடி இரைந்தது. ஃபேனை நிறுத்தினோம், சார்ஜரைக் கழற்றினோம், வயரையெல்லாம் புதிதாக மாற்றினோம். எர்த் சரியில்லை என்று சசிக்குமார் கொல்லையில் குழி தோண்டி இரும்புக் கம்பி இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றினார். என் கறிவேப்பிலை மரம் வாடியதுதான் மிச்சம். "எல்லாத்தையும் நிப்பாட்டியாச்சு அண்ணே, இதுக்கு மேல எனக்கும் மண்டை வேல செய்யல" என்றார். நானும் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, ஆமாம், எல்லாம் நின்றுதான் இருக்கிறது என்றேன்.

தவக்காலத்தின் கடைசி ஞாயிறான குருத்து ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை, இவர் செட்டைப் போட்டுவிட்டு அதன் பின்னால் படுத்திருக்க, நான் திரு இருதய ஆண்டவர் படத்தைத் துடைத்தேன். படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறது. பிள்ளை போன அன்றைக்கு நேர்ந்து, சந்தையில் வாங்கி வைத்தது. அவன் இந்த வாசலை மிதிக்கிறவரைக்கும் அது அணையக்கூடாது என்பது என் நேர்த்தி. கரண்ட் போனால்கூட ஓடிப்போய் மெழுகுதிரி ஏற்றிவிடுவேன். துணி வயரில் மாட்டி, படத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அடாப்டர் கழன்று வந்தது. விளக்கு அணைந்தது. இரைச்சலும் நின்றது.

செருகினேன், இரைந்தது. பிடுங்கினேன், நின்றது. மறுபடியும் செருகினேன். ஆண்டவர் விளக்கை நாங்கள் இரண்டு பேருமே கரண்ட் சாமானாக நினைத்ததில்லை. சசிக்குமார் பாஸும் எங்களைப் போல வேதக்காரர்தான், அவர் கையும் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆண்டவரே, அவனுக்காகத்தானே ஏற்றினேன்? அவன் பேச்சையே மறைக்கிறதா இது? இதை அணைத்தால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? அணைக்காவிட்டால் அவன் சொன்னது கடைசிவரை தெரியாமலே போய்விடுமே. எனக்கு என்ன செய்கிறதென்றே தெரியவில்லை.

இவர் செட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். "என்ன செஞ்ச? இப்ப எப்புடி நின்னுச்சு?"

நான் அடாப்டரைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் கத்துகிற மனுசன், மெதுவாகத்தான் பேசினார். "வேணாம், கெத்தரின். நீ புள்ளைக்காக நேந்தது. அணைக்க வேணாம், விடு."

அவர் கத்தியிருந்தால் நான் விட்டிருப்பேன். அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பாவம்னா எம்மேல வரட்டும், போடுங்க" என்று பிடுங்கிவிட்டேன்.

அவர் குமிழைத் திருகினார். பஸ் உறுமல் அடங்கியது. என் பிள்ளை பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரிக் கேட்டது.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். அப்பாகிட்ட சொல்லுங்க, சீகிரியாவுல ஒரு ஹோட்டல்ல வேலைக்குச் சேந்துட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. இனாமலுவ சந்தியில நிப்பேன். அப்பா வந்து கூப்பிட்டா வீட்டுக்கு வந்துர்றேன். பொழுது சாயிற வரைக்கும் நிக்கிறேன்மா. வரலன்னா பரவாயில்ல. அவருக்கு இஷ்டமில்லன்னு விளங்கிக்கிறேன்."

அந்த ஞாயிறு தவக்காலத்தின் முதல் ஞாயிறு, அது போய் நாலு வாரமாகிவிட்டது. இவருக்கும் அன்றைக்கு லீவுதான். பூசைக்குப் போய்வந்து, பொழுது சாயும்வரை இதே அறையில், இந்த ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் இரண்டு தடவை தேத்தண்ணி கொடுத்தேன்.

இவர் செட்டை நிறுத்தவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தானை மேலே கீழே மாற்றிப் பூட்டினார். நான் போய் அவிழ்த்துச் சரியாகப் பூட்டிவிட்டேன்.

"இன்னைக்குப் புதன்கெழமங்க" என்றேன்.

"தெரியும்."

"எத்தன வாரம் போயிருச்சு. அவன் அங்க நிக்க மாட்டான்ங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார்.

"நான் போய் நிக்கிறேன்" என்றார்.