ரெண்டு அப்புசாமி

அந்தோணிமேரி சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தாலே சௌந்திரத்துக்கு வயிறு எரியும்.

எண்பத்தெட்டாம் வருஷம் அது. நாமக்கல் பக்கத்துச் சர்க்கரை ஆலையொன்று, கரும்புக்காரர்களின் பதிவு அட்டைகளைப் புதுசாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஏறியது சரிதானா என்று கம்ப்யூட்டர் தாளையும் பழைய அட்டையையும் ஒத்துப் பார்ப்பது இந்த இரண்டு பெண்களின் வேலை. முதல் ஆள் தப்பைச் சிவப்பில் அடிக்க, இரண்டாவது ஆள் மறுபடி பார்த்து நீலத்தில் டிக் போட வேண்டும். வேலை முடிந்ததும் ஒருத்தியை மட்டும் மெட்ராஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பி நிரந்தரம் ஆக்குவார்கள். சேலத்திலிருந்து நேற்று வந்தவளுக்குச் சிவப்பாம், ரெண்டு வருஷமாக ஆலையில் மாரடிக்கிற தனக்கு நீலமாம். எப்படிப் பொறுக்கும்?

ஒருநாள் ஜேடர்பாளையத்துத் தாளில், அர்த்தநாரி மகன் அப்புசாமி என்று ரெண்டு பேர் இருந்தார்கள். ஒரே ஆள் ரெண்டு தடவை ஏறிவிட்டார் என்று அந்தோணிமேரி ஒன்றை அடித்தாள். ஊர் ஊராக அப்படியே தேடித் தேடி அடித்தாள். மேனேஜர் கந்தவேல் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

சௌந்திரத்துக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். அர்த்தநாரி மகன் அப்புசாமி, அந்த அப்புசாமி மகன் அர்த்தநாரி, அவர் மகன் மறுபடி அப்புசாமி; தாத்தாவும் பேரனும் தாளில் ஒன்றுபோலவே இருப்பார்கள். அடிபட்டது முழுசாக ஓர் ஆள்.

சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லி ஆலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் வெட்டு உத்தரவு போகிற அன்றைக்கு இவள் மூக்கறுபடட்டும் என்று நீல டிக்கைப் போட்டாள். அதற்கப்புறம் வந்த தாள்களை ஏறெடுத்தும் பார்க்காமல் மளமளவென்று டிக் போட்டுத் தள்ளினாள்.

தை மாதம் வெட்டு உத்தரவுகள் போயின. அடுத்த வாரம் சௌந்திரத்தின் தம்பி மணியன் ஆபீசுக்கே வந்துவிட்டான்.

"ஏனக்கா, தாத்தனுக்கு மட்டும் உத்தரவு வந்திருக்குது. என்ற பேரையே காணோம். கரும்பு பூத்து நிக்குது, நீ இங்கதான இருக்கற?"

அந்தோணிமேரி தாளைத் தேடி எடுத்தாள். வெள்ளியங்கிரி மகன் மணியன் ரெண்டு பேர், ஒருவர்மேல் சிவப்புக் கோடு. தாத்தனும் பேரனும் வேறு வேறு ஆள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேராக மேனேஜர் அறைக்குப் போய், தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். சௌந்திரம் எதிர்பார்த்திருந்த சந்தோஷம் வரவில்லை. அந்த நேர்மையைப் பார்த்தும் பொறாமைதான் வந்தது.

"இந்த ஊர்ப் பேர் வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா," என்றாள் அந்தோணிமேரி. "அதனாலதான் எனக்குப் பின்னாடி பார்க்க நீங்கதான் வேணும்னு மேனேஜர்கிட்ட கேட்டு வாங்கினேன். உங்களுக்கும் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள் சௌந்திரம். தாத்தா பேரை வைத்துக்கொண்டு மணியன் எதிரிலேயே நின்றிருந்தான்.