பல்லவியில் அம்மாவின் பெயர்

சுருதிக்காகக் காதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பெரியவர் கிளிஃபோர்ட் பாட எழுந்தபோதே மார்னி ஓல்ட்ராய்டு கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷமாகச் சொந்தப் பாட்டு எழுதி, கிதாரைத் தூக்கிக்கொண்டு, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பப் மாடி பாக்கியில்லாமல் பாடித் தீர்த்தவள் அவள். இன்றைக்கும் அவள்தான் சிறப்பு விருந்தாளி. ஆனால் இந்த நாட்டுப்பாட்டு மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டத்தில் முதலில் உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். அதுவரை விருந்தாளி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"இது இருநூறு வருஷத்துப் பாட்டு. யாரு எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது," என்று ஆரம்பித்தார் கிளிஃபோர்ட்.

பாடியது அவள் பாட்டு. மீன் கொட்டகையில் வேலை செய்தே ஓய்ந்துபோன அம்மா செத்த வாரத்தில், முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது. பல்லவியில் அம்மாவின் பெயர், எட்னா. கிளிஃபோர்ட் வாயில் அது பெட்ஸி ஆகியிருந்தது. கூடியிருந்த அறுபது பேரும் கண்ணை மூடிக்கொண்டு பெட்ஸி, பெட்ஸி என்று உருகினார்கள்.

மார்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடைவேளையில் நேராக அவரிடம் போனாள்.

"அது நான் எழுதின பாட்டுங்க."

"நீ ரெக்கார்டு போட்டிருப்பம்மா. நெறைய பேர் போட்டிருக்காங்க."

"எங்கம்மாவப் பத்தி எழுதினது. அவங்க பேரு எட்னா."

"அப்படியும் சில ஊர்ல பாடுறாங்க," என்றார் பெருந்தன்மையாக. "ஆனா பெட்ஸிதான் பழசு. எங்கப்பா காலத்துலேர்ந்து கேக்குறேன்."

"உங்கப்பா காலத்துல எனக்குப் பல்லே முளைக்கலையே."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

இவரோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். இந்த ஜனங்கள் ஒரே ஒரு தடவை அம்மா பெயரைச் சொல்லிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு. தன் முறை வந்ததும், பாட வைத்திருந்த புதுப் பாட்டுகளையெல்லாம் தள்ளிவைத்தாள்.

"அதே பாட்டுதான். பேரு மட்டும் எட்னா. எங்கம்மா. சேந்து பாடுங்க," என்றாள்.

பல்லவி வந்தது. கூட்டம் அவளைவிடச் சத்தமாகப் பெட்ஸி என்றது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. நல்ல ஜனங்கள், மனசாரப் பாடினார்கள், அழகாகவும் பாடித் தொலைத்தார்கள். அதுதான் இன்னும் எரிச்சல். இரண்டாம் முறை தொண்டை நரம்பு புடைக்க எட்னா என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. மூன்றாம் முறை, விரல் தப்பிவிடக் கூடாதே என்று கிதாரைக் குனிந்து பார்த்தபடி பாடினாள். அவள் வாயிலிருந்தும் பெட்ஸி என்றே வந்தது.

முன்வரிசையில் கிளிஃபோர்ட் சந்தோஷமாகத் தலையாட்டினார்.