கடைசி வரிசையில் ஒரு கண்ணாடி

வாழ்நாள் சாதனை விருது என்று போன் வந்ததும் பாடகர் கேட்ட முதல் கேள்வி, "பாடணுமா?" என்பதுதான். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வீட்டில்கூடப் பாடியதில்லை. போனை எடுத்தால் எதிர்முனையில், "அம்மா, ஐயா இருக்காருங்களா?" என்று கேட்கிற அளவுக்குக் குரல் மெலிந்திருந்தது.

"ஒரே ஒரு பாட்டு போதுங்கய்யா" என்றார் விழாச் செயலாளர்.

பாடகர் மனைவியைப் பார்த்தார். "நீ வந்து உக்காந்தா பாடறேன்."

கல்யாணமான புதிதில் ஏற்பட்ட ஒப்பந்தம் அது. அவர் எங்கே பாடினாலும் அவள் கடைசி வரிசையில் இருக்க வேண்டும். குரல் சரியில்லையென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அவர் பாட்டை அங்கேயே முடித்துக்கொள்வார். இதற்காகவே, பார்வை நன்றாக இருந்த வயதிலேயே அவள் வெறும் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். பாவம் பார்த்துக் கழற்றாமல் விட்டதே கிடையாது.

விழாவன்று செயலாளர் அவளை முன்வரிசை சோபாவுக்கு அழைத்தார்.

"எனக்குப் பின்னாடிதான் சரி."

"அங்க ஏசி வராதும்மா."

"பரவாயில்லை."

தொண்டை ஆபரேஷன் ஆனவருக்குக் கழுத்தே இல்லாத ஒரு வெண்கலச் சிலையைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பாட ஆரம்பித்தார். வழக்கமான வித்தைகளுக்குக் குரல் இடம் கொடுக்கவில்லை. வார்த்தைகளைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் மெதுவாகப் பாடினார். முதல் சரணம் முடிவதற்குள் அவளுக்கு மேடை மங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கக் கண்ணாடியை எடுத்தாள்.

அவர் சட்டென்று நிறுத்திக் கும்பிட்டார். பாட்டு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று கூட்டம் கைதட்டியது.

காரில் ஏறியதும், "அவ்வளவு மோசமா?" என்றார்.

"கண்ணு கலங்கிடுச்சு. துடைக்கத்தான் எடுத்தேன்."

"சும்மா சொல்லாதே. இத்தனை வருஷத்துல என் பாட்டுக்கு நீ அழுததே இல்லை."

"இத்தனை வருஷத்துல நீங்க இப்படிப் பாடினதும் இல்லை."

இது பாராட்டுதானா என்று அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ரோட்டைப் பார்த்தார்.

"ரெண்டு சரணம் பாக்கி இருக்கு" என்றார் அவர். "கண்ணாடியைப் போட்டுக்க."

மடியில் சிலையை வைத்துக்கொண்டு மீதியைப் பாடினார். அவர் கடைசியாகப் பாடியது அதுதான். பாட்டு முடியும்வரை அவள் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கார் வீட்டைத் தாண்டிப் போனது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் டிரைவர் நிறுத்தவில்லை.